ஒரு டாலரோடு திரும்பிய அப்பா

தனியார் பள்ளி அலுவலகங்களில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் கல்வியாளரின் வரலாற்றைப் படித்தாலும், அவர் வீட்டு வாடகையை யார் கட்டினார்கள் என்றுதான் மனம் முதலில் தேடும். அமெரிக்கத் தத்துவவாதி பிரான்சன் ஆல்காட்டைப் படித்தபோது அந்தத் தேடலுக்கு நல்ல தீனி கிடைத்தது.

1799-ல் கனெக்டிகட் மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சாமான் விற்று, கடனாளியாகி, பிறகு வாத்தியாரானார். 1834-ல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளியில், நெட்டுருப் போடுவதைவிடப் பேசுவதுதான் பாடம். கேள்வி கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் வாயிலிருந்தே பதிலை வரவழைப்பார். தப்புச் செய்த பையனிடம் ரூல்தடியைக் கொடுத்துத் தன் கையை நீட்டி, அடி என்பாராம். (எங்கள் பள்ளியில் பிரம்பு வாங்கிய காசை ‘இதர செலவினம்’ என்று எழுதுவேன்.)

பைபிள் சுவிசேஷங்களைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசியதைப் புத்தகமாகப் போட்டார். குழந்தை பிறப்பைப் பற்றிய பேச்சும் அதில் இருந்தது. பத்திரிகைகள் கிழித்தன, பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். 1837-ல் பள்ளிச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின. பிறகு நடத்திய சின்னப் பள்ளியில் ஒரு கறுப்பினச் சிறுமியைச் சேர்த்தார். அவளை அனுப்பச் சொன்னார்கள், முடியாது என்றார். 1839-ல் அந்தப் பள்ளியும் போயிற்று. இந்த இடத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. சாதி விசாரித்து அட்மிஷன் தள்ளிப்போட்டதை அலுவலக மேசையிலிருந்து பார்த்தவன் நான்.

ஆனால் வீடு என்று ஒன்று இருந்ததே! மனைவி அபிகெய்ல், நான்கு பெண்கள். 1843-ல் எல்லோரையும், ஒத்த கொள்கைக்காரர்கள் கூடி வாழ்வதற்கான ‘ஃப்ரூட்லேண்ட்ஸ்’ என்ற 90 ஏக்கர் பண்ணைக்குக் கூட்டிப்போனார். பணம் போட்டது சார்லஸ் லேன் என்ற ஆங்கிலேய நண்பர். இறைச்சி, பால், முட்டை எதுவும் கூடாது. ஆட்டு ரோமம் என்பதால் கம்பளி ஆகாது; அடிமைகள் உழைப்பு என்பதால் பருத்தியும் ஆகாது. நார்த்துணி அங்கிதான் உடுப்பு. ஆண்கள் தத்துவம் பேச ஊர் சுற்றுவார்கள். அறுத்துப்போட்ட பார்லி களத்தில் கிடக்க, புயல் வருவதைப் பார்த்து அம்மாவும் பிள்ளைகளும் கூடையிலும் படுக்கை விரிப்பிலும் அள்ளிச் சேர்த்ததாக, இரண்டாவது மகள் லூயிசா பின்னாளில் கிண்டலாக எழுதினார். குளிர்காலம் வந்ததும் பண்ணை கலைந்தது. மனிதர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார்.

அதன்பின் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது பெண்கள்தான். அபிகெய்ல் பாஸ்டனில் ஏழைகளுக்கு உதவி சேர்க்கும் சம்பள வேலைக்குப் போனார். லூயிசா தையல், வீட்டுவேலை, டியூஷன் எல்லாம் பார்த்தார். 1854 பிப்ரவரியில் ஓர் இரவு, சொற்பொழிவுப் பயணம் முடிந்து அப்பா வந்தார். கடைக்குட்டி மே, “பணம் கொடுத்தார்களா?” என்று கேட்டேவிட்டாள். பர்ஸைத் திறந்து காட்டினார். ஒரு டாலர். மனைவி முத்தமிட்டு, நல்ல வருமானம்தான் என்றாராம். லூயிசாவின் நாட்குறிப்பில் இருக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு சின்னப் பள்ளித் தாளாளர் இதே ரகம். ஃபீஸ் பாக்கிக்காக யாரையும் வெளியே நிறுத்த மாட்டார். மாதக் கடைசியில் அவர் மனைவி வந்து ஆயாம்மா சம்பளத்துக்குப் பணம் எடுத்துக் கொடுப்பார்.

“எந்தத் தலைப்புல வரவு வைக்கட்டும்மா?”

“நன்கொடைன்னு போடுங்க சார். பேர் வேண்டாம்.”

வளையல் போன கை என்பது எனக்குத் தெரியும். சாருக்குத் தெரியுமா என்று அந்தம்மாவிடம் கேட்டதில்லை.

1859-ல் கான்கார்ட் ஊர்ப் பள்ளிகளின் கண்காணிப்பாளராக ஆல்காட்டுக்குக் கிடைத்த சம்பளம் வருடத்துக்கு 100 டாலர். கடன் தீர்ந்தது 1868-ல் லூயிசாவின் ‘லிட்டில் விமன்’ வந்த பிறகுதான். அந்த நாவலின் முதல் பாதியில் அப்பா பெரும்பாலும் வீட்டில் இல்லை, போர்முனையில் இருக்கிறார். நிஜத்தில் 1862-ல் உள்நாட்டுப் போருக்கு நர்ஸாகப் போய், டைபாய்டு வந்து திரும்பியவர் லூயிசா. புத்தகம் புகழ்பெற்றதும் அப்பாவின் கூட்டங்களும் நிரம்பின. அந்த நாவலாசிரியையின் தகப்பனாரைப் பார்க்கத்தான் ஜனம் வந்தது. அவருக்கு அதில் சந்தோஷம்தான். இந்த முறை கையில் நிஜமாகவே பணம் வந்தது.