சிந்தெடிக் ஆயிலா, மினரல் ஆயிலா?

காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் வேளையில் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். முதலில் காரின் கையேட்டைத் திறந்து பாருங்கள் என்பதே என் பதில். அதில் குறித்துள்ள பாகுநிலையும் (ஆயில் எவ்வளவு கெட்டியானது என்பதைக் காட்டும் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற குறியீடுகள்) ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பு) அல்லது ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய வாகன உற்பத்தியாளர் சங்கம்) வகுத்த தரமும் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலாலும் பயனில்லை.

மினரல் ஆயில் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறப்படுவதால், அதில் பல அளவுகளிலான மூலக்கூறுகளும் சிறிது மெழுகும் கலந்திருக்கும். வேதிமுறைகளால் உருவாக்கப்படும் சிந்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் பெருமளவு சீரானவை. ஆகவே கடுங்குளிரிலும் அது கெட்டிப்படாமல் ஓடி, எஞ்சினைக் கிளப்பியவுடன் வால்வுப் பகுதியை விரைவில் சென்றடைகிறது. கடும் வெப்பத்திலும் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கசடாவதில்லை. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போசார்ஜரின் தாங்கிகள் (பேரிங்குகள்) மிகுந்த சூட்டில் இயங்குவதால், டர்போ எஞ்சினுக்குச் சிந்தெடிக்கைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைப்பதில்லை. மினரல் ஆயிலுக்கென வடிவமைக்கப்பட்டு, மிதமான தட்பவெப்பத்தில் ஓடும் பழைய எளிய எஞ்சினுக்கோ, உரிய காலத்தில் மாற்றப்படும் மினரல் ஆயிலே போதுமானது.

இரண்டையும் கலந்தால் எஞ்சின் கெட்டுவிடும் என்ற அச்சம் தேவையற்றது. செமி-சிந்தெடிக் என்று விற்கப்படுவதே அத்தகைய கலவைதான். ஆனால், சிந்தெடிக் ஊற்றியதாலேயே மாற்றும் கெடுவைத் தாமாக நீட்டிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். குறுந்தூரப் பயணங்களில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரமும் எரிபொருளும் ஆயிலில் தேங்குகின்றன. இது எந்த வகை ஆயிலுக்கும் பொருந்தும். அவ்வாறு ஓட்டுவோர், கடினப் பயன்பாட்டுக்கெனக் கையேடு தனியாகக் கூறும் குறுகிய கெடுவையே பின்பற்ற வேண்டும்.