ஊன்றிய கால்

ஜூன் 3, செவ்வாய்

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில்தான் என் காலை வகுப்பு. ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் நேற்றைய நிச்சயதார்த்தச் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. பதினொரு பேர் வந்தார்கள். போன மாதம் பத்தொன்பது. ஏன் குறைகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ரொம்பப் பேசுகிறேன். இன்றும் யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணத்தை ஆரம்பித்தேன்: ஸ்திரமாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம். நான் அதை விளக்கி முடிப்பதற்குள் வஜ்ராசனத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கால் மரத்துப் போய்விட்டது. ஸ்திரமும் இல்லை, சுகமும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

இன்று நான் செய்தது தப்பு. எழுதி வைக்கிறேன்.

பிராணாயாமத்துக்குத் திருமூலர் ஒரு கணக்குச் சொல்கிறார்: இடது நாசியில் 16 மாத்திரை நேரம் மூச்சை இழுப்பது, 64 அடக்குவது, 32 விடுவது. தமிழில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறதே என்ற பெருமையில், அதைப் பாதியாக்கி 8, 32, 16 என்று எல்லாரையும் செய்ய வைத்தேன். மூன்றாவது சுற்றில், பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சார் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். சேரும்போதே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிரஷர் உள்ளவர்களுக்குக் கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, கூடாது என்பது நான் பயிற்சியின் முதல் வாரமே படித்த பாடம். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "பரவாயில்ல மேடம்" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்தக் கணக்கு வருஷக் கணக்கில் பழகியவர்களுக்கானது. நாளையிலிருந்து நாலு எண்ணி இழுப்பது, எட்டு எண்ணி விடுவது. அடக்குவதே கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

விருட்சாசனம். ஒற்றைக் காலில் நின்றால் பாதிப்பேர் ஆடுகிறார்கள். வழக்கம்போல "எதிரே ஒரு புள்ளியைப் பாருங்க, முட்டியை நேரா வைங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்றபாடில்லை.

என்ன தோன்றியதோ, "புலிக்கால் முனிவர் கதை யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். இந்த ஊரில் இப்படிக் கேட்டிருக்கவே கூடாது. எல்லாருக்கும் தெரியும். கீழ வீதியில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் அம்மா முந்திக்கொண்டார். வண்டு மொய்ப்பதற்கு முன்னே பூப் பறித்துச் சாமிக்குச் சாத்த வேண்டும். விடியாத இருட்டு, பனியில் மரம் வழுக்கும். அதனால்தான் புலியின் காலும் கண்ணும் கேட்டு வாங்கினார். அவர் சொன்ன அழகு எனக்கு வராது.

"சரி, நிக்கிற காலுக்கு இப்ப நகம் முளைச்சிருக்கு. மரத்தைப் பிடிங்க" என்றேன். விரல்கள் விரிந்தன. கட்டைவிரல் அடியும் குதிகாலும் தரையில் பதிந்தன. முக்கால்வாசிப் பேருக்கு ஆட்டம் நின்றுவிட்டது. நான் எண்ணவும் இல்லை, விளக்கவும் இல்லை. அந்த ஒரு நிமிஷம் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

முட்டிவலியால் தேங்காய்க் கடை அம்மா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை அழுத்திக்கொண்டிருந்தார். நாற்காலி போடுவது மரியாதைக் குறைவு என்று முன்பு நினைத்தேன். 1950-களில் சென்னைக்கு வந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் ஆளைப் பார்த்துத்தானே ஆசனத்தை மாற்றினார்!

ஜூன் 12, வியாழன்

முகூர்த்தம். வகுப்பு மொட்டை மாடியில். கீழே நாதஸ்வரம். சவாசனத்தில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

நர்ஸிங் படிக்கும் பெண் வகுப்பு முடிந்ததும் தயங்கி நின்றாள். "மேடம், நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. ஓம் சொல்லாம இருக்கலாமா?" முன்பென்றால் ஓம் எல்லா மதத்துக்கும் பொது என்று அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன். அது உண்மையான பதில் இல்லை. அவளுக்கு அது பொது இல்லை, அதனால்தான் கேட்கிறாள். "சொல்ல வேண்டாம்மா" என்றேன்.

அப்புறம் யோசித்து, இனி வகுப்பை பிராமரியில் முடிப்பது என்று வைத்துக்கொண்டேன். காதைப் பொத்தி, உதட்டை மூடி, வண்டு மாதிரி ரீங்காரம். உள்ளே யார் எந்தப் பெயரைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டியதில்லை.

ஜூன் 21, சனி

யோகா தினம். 2015-லிருந்து வருஷா வருஷம் நடக்கிறது. ஒரு பள்ளி மைதானத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வரவேற்புரை முக்கால் மணி, யோகா பன்னிரண்டு நிமிஷம். பிள்ளைகள் வெயிலில் சுருண்டு போனார்கள். பேச்சாளர்களைக் குறை சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன், ஜூன் 3-ஆம் தேதிப் பக்கம் கண்ணில் பட்டது.

ஜூன் 24, செவ்வாய்

பதினான்கு பேர். ஆனித் திருமஞ்சனம் நெருங்குவதால் கடையில் கூட்டம் என்று தேங்காய்க் கடை அம்மா தாமதமாக வந்தார். வந்ததும் வராததுமாக என்னிடம் ஒரு புகார்.

"ஏம்மா, கடையில மாட்டியிருக்கிற நடராஜர் படத்தை இத்தனை வருஷமாக் கும்பிடுறேன். தூக்கின காலைத்தான் பார்ப்பேன். நீ புலிக்கால் சொன்னதுலேருந்து கீழ ஊன்றின காலையே பார்த்துக்கிட்டிருக்கேன். முட்டி மடங்கித்தான் இருக்கு. நீ ஏன் எங்களை நேரா நிக்கச் சொல்றே?"

பதில் வரவில்லை. எல்லாரும் போன பிறகு காலி மண்டபத்தில் முட்டியை லேசாக மடக்கி நின்று பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஆனால் பாதம் நகரவில்லை.