தம்பிக்கு ஸ்கேன், எனக்குத் தேவையில்லை

ஏற்காட்டில் எங்கள் ஊர்ப்பக்கம் வலிப்பு என்றால் ஆள் கீழே விழுந்து கைகால் வெட்டி இழுக்க வேண்டும், வாயில் நுரை தள்ள வேண்டும். தம்பிக்கு வந்தது அப்படி இல்லை. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருப்பான், திடீரென்று நின்றுவிடுவான். வெறித்துப் பார்ப்பான், உதட்டைச் சப்புவான், இடது கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளிந்துவிடுவான், நடந்தது எதுவும் நினைவிருக்காது. வயிற்றிலிருந்து என்னவோ மேலே ஏறுகிற மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்வான். காத்து கருப்பு என்று தாயத்து கட்டினார்கள். கைகால் இழுக்கிற வலிப்பும் வரத் தொடங்கிய பிறகுதான் மலையிறங்கி சேலத்துக்கு வந்தோம்.

முதலில் எடுத்த எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல் என்று இருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நரம்பியல் டாக்டர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, "வரும்போது என்ன செய்யறான், வீடியோ இருக்காம்மா?" என்று கேட்டார். என் போனில் இருந்தது. பொத்தானைத் திருகும் கையைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். குழந்தையில் காய்ச்சலோடு வலிப்பு வந்ததா என்று அம்மாவிடம் கேட்டார். ஒன்றரை வயதில் வந்திருக்கிறது. வெகுநேரம் நிற்காமல் இழுத்ததாம். எஸ்டேட் ஜீப்பில் போட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிய கதையை அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார்.

முதல் ஸ்கேன் சீட்டில் 'வலிப்பு' என்று ஒரே வார்த்தைதான் இருந்தது. இந்த முறை மூளையில் காதோரமாக இருக்கும் டெம்போரல் லோப் மீது சந்தேகம், அதற்குள் நினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் குறுக்காக மெல்லிய வெட்டுகளாகப் படம் வேண்டும் என்று விவரமாக எழுதிக்கொடுத்தார். வலிப்புக்கென்றே தனி ஸ்கேன் முறை உண்டு. பொதுவாக எடுக்கும் படத்தில் சின்ன மாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடலாம். உங்கள் வீட்டிலும் இந்தப் பிரச்சினை இருந்தால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி சோதனைக்குத் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது, முந்தின இரவு தூக்கத்தைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்கேன் அறை வாசலில்தான் தகராறு. அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தைக் கழற்றாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். அறுக்கக் கூடாது என்று அம்மா பிடிவாதம். கடைசியில் முடிச்சை அவிழ்த்து, அம்மாவின் மணிக்கட்டிலேயே கட்டிவிட்டேன். தம்பி கையில் ஒரு ரப்பர் குமிழைக் கொடுத்து, பயமாக இருந்தால் அழுத்தச் சொன்னார்கள். சத்தம் பலமாக இருந்தும் அவன் அசையவில்லை.

டாக்டர் திரையில் இரண்டு பக்கத்தையும் காட்டினார். வலது ஹிப்போகேம்பஸ் புடைத்த அவரை விதை மாதிரி இருந்தது. இடது பக்கம் சுருங்கி, ஒரு வகைப் படத்தில் வெளுத்தும் தெரிந்தது. குழந்தையில் நீண்ட நேரம் காய்ச்சல் வலிப்பு வந்தவர்கள் சிலரிடம் இப்படிப் பார்ப்பதுண்டு என்றார்.

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கூடப் பிறந்தவளுக்கும் இருக்குமோ என்று ஒரு வீட்டில் நேராகவே கேட்டுவிட்டார்கள். அதனால் நானும் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"உங்களுக்கு எப்பவாவது வந்திருக்கா?"

"இல்லைங்க டாக்டர்."

"அப்ப எதுக்கும்மா?"

அவர் பொறுமையாக விளக்கினார். 2018-இல் பல நாட்டு மையங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் வலிப்பு உள்ள 2,149 பேரின் மூளைப் படங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ் என்ற பகுதி, வலது பக்கத்தில் சராசரியில் கொஞ்சம் சிறிதாகவும், உடல் அசைவைக் கவனிக்கும் மூளை மேற்பட்டை சற்று மெல்லியதாகவும் இருந்தன. வலிப்பே வராத உடன்பிறப்புகளை ஸ்கேன் செய்த ஆய்வுகளும் உண்டு. சிலவற்றில் அவர்களிடமும் சிறு வித்தியாசம் தெரிந்திருக்கிறது. அதாவது, மூளை அமைப்பின் ஒரு பகுதி குடும்பத்தோடு வருவதாக இருக்கலாம், எல்லாமே வலிப்பினால் வந்த சேதம் ஆகாது. ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் சராசரிக் கணக்கு. அதை வைத்து ஒருத்தியின் படத்தைப் பார்த்து, உனக்கு வரும், வராது என்று சொல்ல முடியாது. நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை.

இதைத்தான் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னேன். வலிப்பு இருப்பவரின் கல்யாணத்துக்கே தடையாக இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வார்த்தையை 1999-இல் எடுத்துவிட்டார்கள். அக்காவைப் பார்த்துக் கேட்பது எந்த நியாயம்? அந்த வரன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

தம்பிக்கு மாத்திரையில் நன்றாகக் குறைந்திருக்கிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால், அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார் டாக்டர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவமனையில் அது நடக்கிறது. அப்படிப் போக நேர்ந்தால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்களையே பார்ப்பார்கள். அதனால் ஸ்கேன் எடுத்த அன்றே படங்கள் பதிந்த சிடியைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.