கோடைப் பயிற்சியில் மூன்று நொடி

கோடை விடுமுறையில் ஆசிரியர் பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால், ஆசிரியர் அறையில் முதலில் கேட்பது பெருமூச்சுதான். இந்த முறை தலைப்பை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். தொழில்நுட்பம், வகுப்பு மேலாண்மை, மதிப்பீடு என்று நீண்ட பட்டியல். நான் 'வகுப்பறையில் கேள்வி கேட்டல்' என்பதை எடுத்தேன். அதில் மட்டும்தான் செய்முறை அமர்வுகள் உண்டு என்று போட்டிருந்தது.

பதிவு செய்வதில் சிரமம் எதுவும் இல்லை. 'எதிர்பார்ப்பது என்ன' என்ற கட்டத்தை மட்டும் ஒப்புக்கு நிரப்பாதீர்கள். பலர் 'கற்பித்தல் திறனை மேம்படுத்த' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். நான், 'ஆறாம் வகுப்பு, பின்னங்களை ஒப்பிடுதல். 1/3-ஐ விட 1/4 பெரியது என்கிறார்கள். எத்தனை முறை விளக்கினாலும் மறுவாரம் அதே விடை' என்று எழுதினேன். பயிற்சி நடத்தும் கருத்தாளர் அதைப் படித்திருந்தார்! நுண்ணிலைக் கற்பித்தல் என்ற சிறு செய்முறைப் பாடத்துக்கு அதையே எனக்குத் தலைப்பாகக் கொடுத்தார்.

முதல் நாள் முன்தேர்வு, அறிமுகம், பவர்பாயிண்ட். கல்வி உளவியலாளர் புளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் படிநிலைகள், 2001-இல் வந்த திருத்தம் எல்லாம் ஓடின. கல்வியியல் படிப்பில் மனப்பாடம் செய்ததுதான். பின்வரிசையில் ஒருவர் விடைத்தாளே திருத்திக்கொண்டிருந்தார், அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

நுண்ணிலைக் கற்பித்தல் தொடங்கிய பிறகுதான் அறை விழித்துக்கொண்டது. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை இது. ஒரே ஒரு திறன், ஐந்து முதல் பத்து நிமிடப் பாடம், எதிரே சிலர் மட்டும். பார்த்தவர்கள் கருத்துச் சொன்னதும் திருத்தி மறுபடி நடத்த வேண்டும். படிக்கும் காலத்தில் இதை மதிப்பெண்ணுக்காகச் செய்தோம். பல வருடம் பாடம் நடத்திய பிறகு சக ஆசிரியர்கள் முன்னால் செய்யும்போது வயிற்றைக் கலக்குகிறது.

மாணவியாக உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவரிடம் எது பெரியது என்று கேட்டேன். "மூணை விட நாலு பெரிசுதானே டீச்சர்?" என்றார். அப்படியே என் வகுப்புக் குரல். நான் உடனே விளக்கத் தொடங்கினேன்.

அப்புறம் கைப்பேசிப் பதிவைப் போட்டு, கேள்வி முடிந்ததற்கும் ஆசிரியர் அடுத்து வாயைத் திறந்ததற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அளந்தோம். எங்கள் குழுவில் யாருமே ஒரு நொடியைத் தாண்டவில்லை. கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் அறிவியல் வகுப்புகளில் கண்டதும் இதேதான். அந்த இடைவெளி மூன்று நொடிக்கு மேல் போனால் விடைகள் நீளும், 'தெரியாது' என்பது குறையும் என்று அவர் காட்டினார். கேள்விக்குப் பின் ஒரு காத்திருப்பு, மாணவர் விடை சொன்ன பின் இன்னொன்று என இரண்டையும் அவர் சேர்த்தே சொல்கிறார்.

சொல்வது சுலபம். மூன்று நொடி சும்மா நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். கை தானாகச் சுண்ணக்கட்டியைத் தேடுகிறது. கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்கத் தோன்றும். அதுவும் காத்திருப்பைக் கெடுத்துவிடும். மனதுக்குள் எண்ணுவது மட்டும்தான் எனக்குக் கைகொடுத்தது. மறு சுற்றில் அதே ஆசிரியை அதே விடையைச் சொன்னார், நான் பேசாமல் நின்றேன். "ஆனா நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குக் கம்மியாத்தானே வரும்?" என்று அவரே தொடர்ந்தார். விடை தெரிந்த பெரியவர் நடித்தது, எதற்கும் சான்றாகாது. ஆனால் அந்த நொடிகளில் வாயை மூடிக்கொண்டு நிற்கும் பழக்கம் எனக்கு வந்தது.

மீதி எல்லாம் வழக்கம்போல: ஒப்படைவு, பின்தேர்வு, கருத்துப் படிவம். சான்றிதழை வாங்கும்போதே பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா, பயிற்சி மணிநேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு திருத்த அலைவது தனிப் பயிற்சி.

பயிற்சியில் செய்து பார்த்தாலும், சொந்த வகுப்புக்கு யாராவது வந்து கூடவே இருந்து வழிகாட்டாவிட்டால் புதிய முறை நிலைப்பதில்லை என்று ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980-களிலேயே எழுதினார்கள். எங்கள் பயிற்சியில் அதற்கு ஏற்பாடே இல்லை. அதனால் குழுவில் இருந்த இரண்டு பேருடன் நானே பேசி வைத்துக்கொண்டேன். தலைமையாசிரியர் அனுமதியோடு வகுப்பில் ஒலி மட்டும் பதிவு செய்து மாற்றிக்கொள்கிறோம்.

என் முதல் பதிவில், கேள்வி கேட்டுவிட்டு எண்ணிக்கொண்டு நிற்கிறேன். இரண்டாவது நொடியில் ஒரு பையன், "டீச்சர், மறந்துட்டீங்களா?" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. இப்போதெல்லாம் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "நான் காத்திருக்கப் போறேன், யாரும் உடனே கை தூக்க வேண்டாம்."