தலையில் அடிபட்டவருக்கு சி.டி. ‘நார்மல்’ என்று வந்தால்

பைக்கிலிருந்து விழுந்தவரை அழைத்துப்போய் சி.டி. எடுத்தாயிற்று, ரிப்போர்ட்டும் நார்மல். ஆனால் ஆள் கண் விழிக்கவில்லை. இன்னொருவர் நன்றாக வீட்டுக்கு வந்து, மூன்று வாரம் கழித்து நடை தள்ளாடுகிறார். அப்படியானால் ஸ்கேன் தப்பா என்று உறவினர்கள் கேட்பார்கள். பெரும்பாலும் தப்பில்லை. அவசரப் பிரிவில் எடுக்கும் சி.டி. முக்கியமாகத் தேடுவது, உடனே அறுவை செய்து எடுக்கவேண்டிய ரத்தம் உள்ளே இருக்கிறதா என்பதைத்தான். அந்த நேரத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதே அந்த நார்மலின் பொருள். மூளைத் திசுவுக்கு என்ன ஆயிற்று என்பதற்கு வேறு படம் வேண்டும். சில சமயம் வேறு நாளும் வேண்டும்.

யாருக்கு சி.டி. எடுப்பது? உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுவது 2001இல் வெளியான கனடிய விதி. நினைவு தப்பியவர், நடந்ததை மறந்தவர், குழம்பியவர் என மூவகையினரில், ஓரளவு தெளிவாக இருப்பவர்களுக்கு அது பொருந்தும். அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் முழுத் தெளிவு வராதது, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, 65 வயதோ அதற்கு மேலோ, மண்டையோடு உள்ளே அமுங்கியதாகச் சந்தேகம், கண்ணைச் சுற்றியோ காதுக்குப் பின்னாலோ கன்றிப்போன நீலம், காது மூக்கு வழியே தண்ணீர் போன்ற கசிவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுக்கவேண்டும். மூன்றடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுந்ததும், நடந்துபோகையில் வண்டி மோதியதும் ஆபத்தான அடிகள் என்று கணக்கு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவருக்கு இந்த விதி பொருந்தாது. அவருக்கு லேசான அடி என்றாலும் தயங்காமல் சி.டி. எடுப்பதே வழக்கம். ‘காதிலிருந்து ரத்தம் வரவில்லை, தப்பித்தார்’ என்று ஊரில் சொல்வதை நம்பவேண்டாம். உள்ளே பெரிய கட்டி இருப்பவருக்கும் காது சுத்தமாகவே இருக்கலாம்.

சி.டி. படம் என்பது எண்களின் படம். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த இயந்திரத்தை உருவாக்கியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. அன்றைய படத்தில் 80க்கு 80 புள்ளிகள்தான். இன்று 512க்கு 512. ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பெயரிலேயே ஓர் எண் உண்டு: தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு -100 அளவில், மூளையின் வெள்ளைப் பகுதி 25 முதல் 30, சாம்பல் பகுதி 35 முதல் 40, உறைந்த புது ரத்தம் 60 முதல் 80, கெட்டி எலும்பு 1000 அளவில். கண்ணுக்கு இத்தனை படிநிலைகளைப் பிரித்தறிய முடியாது என்பதால் எண்களின் ஒரு பகுதியை மட்டும் விரித்துக் காட்டுகிறார்கள். இதற்கு விண்டோ என்று பெயர். வழக்கமான மூளை விண்டோவின் அகலம் 80, நடு 40. அதாவது 0க்குக் கீழே எல்லாம் கறுப்பு, 80க்கு மேலே எல்லாம் வெள்ளை.

கவனிக்காமல் விடுவது இங்கேதான் தொடங்குகிறது. மண்டையோட்டின் உட்புறத்தில் 3 மி.மீ. தடிமனில் ஒட்டியிருக்கும் ரத்தமும் எலும்பும் இந்த விண்டோவில் ஏறக்குறைய ஒரே வெள்ளை. ரத்தம் எலும்புக்குள் கரைந்துவிடும். அகலத்தை 200, நடுவை 80 என்று மாற்றினால் எலும்பு வெள்ளையாகவே நிற்க, ரத்தம் சாம்பலாகத் தனியே பிரியும். மண்டையின் உச்சியிலோ, பெருமூளைக்கும் சிறுமூளைக்கும் நடுவிலுள்ள உறை மேலோ படிந்த ரத்தம், சி.டி. தலையை வெட்டிக் காட்டும் கிடைமட்டத் துண்டுக்கு இணையாகவே படுத்திருக்கும். 5 மி.மீ. துண்டுகளில் அது தெரியாது. 1 மி.மீ. துண்டுகளிலிருந்து நெடுக்கு வெட்டுப் படங்களைத் திரும்ப உருவாக்கிப் பார்க்கவேண்டும். உடைந்த மண்டைக்குள் காற்று புகுந்திருந்தால் அதுவும் கொழுப்பும் மூளை விண்டோவில் ஒரே கறுப்புதான். எண்ணைப் பார்த்தால் மட்டுமே பிரியும்.

எலும்பு தெளிவாகத் தெரியும்படி அமைத்த எலும்பு விண்டோவில் அடிக்கடி வரும் குழப்பம், இது முறிவா மண்டையோட்டின் இயல்பான தையல் கோடா என்பது. தையல் கோடு பல் பல்லாக வளைந்து போகும், ஓரம் கெட்டியாக இருக்கும், மறுபக்கத்திலும் ஏறத்தாழ அதே இடத்தில் இருக்கும். முறிவு நேராக, கூர்மையாக, ஒரு பக்கம் மட்டும் ஓடும். முறிவே தெரியாவிட்டாலும் மூக்குக்குப் பின்னாலுள்ள ஸ்ஃபீனாய்டு அறையில் திரவம் மட்டமாக நின்றால் மண்டையோட்டின் அடித்தளம் உடைந்திருக்கிறதா என்று திரும்பவும் தேடவேண்டும்.

உள்ளே தேங்கும் ரத்தத்தில் அவசரமானவை இரண்டு. எலும்புக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே தேங்குவது இருபுறமும் உப்பிய லென்ஸ் வடிவில் இருக்கும், தையல் கோட்டைப் பொதுவாகத் தாண்டாது. பொட்டெலும்பு உடைந்து அதன் உட்புறம் ஓடும் தமனி கிழிவதால் பெரும்பாலும் வருவது. அடிபட்டவர் எழுந்து, பேசி, தண்ணீர் குடித்து, சில மணி நேரத்தில் சரிந்து விழுவது இதில்தான். உறைக்கும் மூளைக்கும் நடுவே தேங்குவது பிறை வடிவம். தையல் கோடுகளைத் தாண்டிப் பரவும். ரத்தத்தின் அளவுக்கு எளிய கணக்கு உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி இரண்டால் வகுக்கவேண்டும். 6, 4, 3 என்றால் 36 மி.லி. லென்ஸ் வடிவக் கட்டி 30 மி.லி.யைத் தாண்டினால், நோயாளி தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் அறுவை தேவை என்பதே பொது விதி. பிறை வடிவத்துக்கு 10 மி.மீ.க்கு மேல் தடிமன், அல்லது மூளையின் நடுக்கோடு 5 மி.மீ.க்கு மேல் விலகல். இந்த விலகலை அளக்கும்போது தலை சாய்ந்து படுத்திருந்தால் இல்லாத விலகல் தெரியும். டெக்னீஷியன் தலையை நேராக வைக்க மெனக்கெடுவது அழகுக்காக அல்ல.

வெள்ளையாக இருப்பதெல்லாம் ரத்தமும் அல்ல. மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பியிலும், ஆழத்திலுள்ள அடிக்கருக்களிலும் வயதாகும்போது சுண்ணாம்பு படியும். எண் 100ஐத் தாண்டினால் சுண்ணாம்பு என்று கொள்ளலாம். எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. கடும் ரத்தசோகையில், ஹீமோகுளோபின் 8க்கும் கீழே போனவருக்கு, புது ரத்தமும் மூளையின் நிறத்திலேயே தெரியலாம்.

மூன்று வாரம் கழித்துத் தள்ளாடுகிறவர் கதைக்கு வருவோம். வயதானவர்களின் மூளை சுருங்கியிருப்பதால், மூளைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் சிறு சிரைகள் இழுபட்டே இருக்கும். லேசாக இடித்துக்கொண்டாலே கசியும். முதல் நாள் படத்தில் எதுவும் இல்லாமலிருந்து, மெல்ல மெல்லச் சேரும். ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் அந்த ரத்தத்தின் எண் இறங்கி மூளையின் எண்ணோடு சமமாகிவிடும். இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்திருந்தால் நடுக்கோடும் விலகாது. படம் பார்க்க நார்மல்போலவே இருக்கும். 75 வயதுக்காரரின் மூளையில் மடிப்புகளுக்கு இடையேயான பள்ளங்களே தெரியவில்லை என்றால், ‘என்ன இளமையான மூளை’ என்று நகர்ந்துவிடாமல் இருபுறமும் ரத்தம் அழுத்துகிறதா என்று பார்ப்பவரே நல்ல ரேடியாலஜிஸ்ட்.

மூளைக் கன்றலும் முதல் படத்தில் முழுதாக வராது. நெற்றிப் பகுதியின் அடிப்புறமும் பொட்டுப் பகுதியின் நுனியும் சொரசொரப்பான எலும்பின் மேல் தேய்வதால் அங்கேதான் அதிகம் வரும். முதல் மணி நேரத்தில் சிறு புள்ளியாக இருப்பது 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பெரிய கட்டியாக விரியலாம். வாந்தி திரும்ப வந்தாலோ, தலைவலி கூடினாலோ, தூக்கம் அதிகமாகி எழுப்பினால் சரியாகப் பேசாவிட்டாலோ முதல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தக்கூடாது. மறுபடி படம் எடுக்கவேண்டும்.

இனி கண் விழிக்காதவர். வேகமாகப் போன தலை சட்டென்று நின்று சுழலும்போது நரம்பு இழைகளே இழுபட்டு அறுகின்றன. ரத்தம் மிகக் குறைவு, அதனால் சி.டி. பெரும்பாலும் நார்மலாகவோ ஒன்றிரண்டு பொட்டுகளோடோ வரும். ஆழ்ந்த மயக்கமும் சுத்தமான சி.டி.யும் சேர்ந்து வந்தால் முதலில் நினைக்கவேண்டியது இதைத்தான். இங்கே எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வரிசை, அதாவது ஒரு தனிவகைப் படம், தேவை. கசிந்த ரத்தத்திலுள்ள இரும்பு காந்தப்புலத்தைக் குலைப்பதால், ஒரு மி.மீ. கசிவும் உண்மை அளவைவிடப் பெரிய கறுப்புப் புள்ளியாகத் தெரியும். மூளையின் வெள்ளையும் சாம்பலும் சேரும் விளிம்பு, இரு பாதிகளை இணைக்கும் பாலம், மூளைத்தண்டு: இந்த வரிசையில் காயம் உள்ளே போகப் போக நிலைமை மோசம். மூன்று நிலைகளாகத் தரம் பிரிப்பதும் இப்படித்தான். எம்.ஆர்.ஐ.யின் இன்னொரு வகையான டிஃப்யூஷன் படத்தில் தெரியும் வெள்ளைப் பொட்டுகள் ஓரிரு வாரத்தில் மங்கிவிடும். எஸ்.டபிள்யூ.ஐ. புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே விபத்து நடந்து ஆறு மாதம் கழித்துப் படம் எடுப்பவர் சீட்டில் இந்த வரிசையைக் கட்டாயம் எழுதிக் கேட்கவேண்டும்.

கறுப்புப் புள்ளிகளை உடனே விபத்தின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. நெடுநாள் ரத்த அழுத்தம் உள்ளவருக்கும் வரும். ஆனால் அவருக்கு அடிக்கருக்களிலும் தாலமஸிலும் மூளைத்தண்டின் நடுவிலும் இருக்கும். தொடை எலும்பு முறிந்தவர் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் குழம்பிப் பேசினால், எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறியிருக்கலாம். டிஃப்யூஷனில் மூளை முழுக்க விண்மீன் கூட்டம்போல் பொட்டுகள் தெரியும். ஒரு பக்கக் கைகால் செயலிழந்து சி.டி. நார்மல் என்றால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். அதற்கு கழுத்தையும் சேர்த்து, மருந்து ஏற்றி ரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கவேண்டும். சாதாரணத் தலைக்காய சி.டி.க்கு மட்டும் மருந்து ஏற்றவேண்டாம். ஏறிய மருந்தும் வெள்ளை, ரத்தமும் வெள்ளை.

சி.டி. படம் எடுக்கச் சில விநாடிகள், கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஓராண்டில் சராசரியாக நமக்கு வருவதற்கு அருகில். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் 20 முதல் 30 நிமிடம் அசையாமல் கிடக்கவேண்டும். காந்தம் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். பேஸ்மேக்கர், பழைய மூளை அறுவையில் வைத்த கிளிப், காதில் பொருத்திய கருவி, கண்ணில் தெறித்த இரும்புத் துகள் இவற்றை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு வீட்டார்தான் சொல்லவேண்டும். தாலியில் கோத்த ஊக்கு, தாயத்து, கொண்டை ஊசி எல்லாம் கழற்றியாகவேண்டும். 2018 ஜனவரியில் மும்பையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன உறவினர் ஒருவர் உயிரிழந்தார்.

நரம்பு இழைகளைப் பல வண்ணத்தில் காட்டும் டி.டி.ஐ. படத்தைக் காட்டி ‘இங்கே சேதம்’ என்று அடித்துச் சொல்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். நூறு பேரை இன்னொரு நூறு பேரோடு ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு அது உதவும். ஒரே ஒருவரின் லேசான தலைக்காயத்தை அதை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் நெடுநாள் மூளைச் சிதைவை இன்றும் இறந்தபின் மூளையை ஆய்வு செய்துதான் உறுதியாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஃபிலிம் பற்றி. அதில் ஒன்றோ இரண்டோ விண்டோவில், தேர்ந்தெடுத்த துண்டுகள் மட்டுமே அச்சாகியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினால், மேலே சொன்ன 3 மி.மீ. ரத்தத்தை எந்த நிபுணராலும் கண்டுபிடிக்க முடியாது. வேறு டாக்டரின் கருத்து வேண்டுமென்றால் ஸ்கேன் சென்டரில் டைகாம் கோப்புகளை, அதாவது எல்லாத் துண்டுகளும் எண்களோடு உள்ள மூலக் கோப்புகளை, குறுந்தகட்டிலோ லிங்காகவோ கேட்டு வாங்கி அனுப்புங்கள். கூடவே நான்கு விவரங்களை எழுதுங்கள்: அடிபட்ட நேரம், படமெடுத்த நேரம், வீக்கம் எந்தப் பக்கம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்.