கோடு எந்தப் பக்கம் சரிகிறது

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ரப்பர் மரம் வரைந்தேன், நினைவிலிருந்து. தண்டு, வெட்டுக்கோடு, கோட்டின் முனையில் தகரத் துண்டு, கீழே கம்பியில் பால் வடியும் மங்கு. நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷத்தில் அம்மாவிடம் காட்டினேன். பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், "இந்த மரத்த யாருடி வெட்டுனது? கோடு தப்பால்ல போவுது" என்றார்.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 31 வருடம் பால்மரம் வெட்டினார். அந்தத் தோட்டம் முழுக்க இன்று எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். மரத்துக்கு எதிரே நின்றால் கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்க வேண்டும். நான் திருப்பிப் போட்டிருந்தேன். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் செங்குத்தாக இல்லாமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தபடி மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாகச் சரித்து வெட்டினால்தான் நிறையக் குழாய்கள் அறுபடும், பால் கூடும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் கைக்கே தெரியும்.

என்னை உறுத்தியது வேறு. பள்ளி விடுமுறை என்றால் அம்மாவின் நிரையில்தான், அவர் வெட்டும் மர வரிசையில்தான் இருப்பேன். மங்கு துடைத்திருக்கிறேன், வெட்டில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் உரித்திருக்கிறேன், பால் வாளி தூக்கியிருக்கிறேன். எத்தனை ஆயிரம் முறை அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றிருப்பேன்! ஒருமுறைகூட அதைப் பார்க்கவில்லை. இன்னும் எத்தனை மரம் பாக்கி என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். 46 வயதில் பென்சிலைக் கையில் எடுத்தபோது, கை பழகினால் படம் வந்துவிடும் என்று நம்பினேன். மூன்று வருடம் ஆகிறது. கை ஓரளவு பழகிவிட்டது. கண் இன்னும் பழகவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் ஒருநாள் அம்மாவிடம் அடம்பிடித்து பால் வெட்டும் உளியை வாங்கி நாலைந்து மரம் வெட்டினேன். மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்க வேண்டும். உள்ளே கட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய வளர்தோலுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் உளி நின்றுவிட வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம். வெட்டிய இடத்தில் புதுப்பட்டை வழவழப்பாக வளராது, முண்டும் முடிச்சுமாக வீங்கும். சீக்கிரம் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் நான் வெட்டினேன். வேலையை மேற்பார்க்கும் தண்டல் வந்து அம்மாவைத்தான் ஏசினார். சில வருடம் கழித்து அதே நிரையில் நடந்தபோது, ஒரு மரத்தின் புடைப்பில் என் கையைப் பிடித்து வைத்து, "இது நீ வெட்டுனது" என்றார் அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில்.

டயர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அங்கே எல்லாரும் என்னைப் பொறுமைசாலி என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தப் புடைப்பு வேறு சொன்னது. என் படங்களும் அதையேதான் சொல்கின்றன. இலைகள் வரும் இடத்தில் எல்லாம் என் கோடு ஓடுகிறது. மனிதருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வாய் இருக்கிறது. பட்டைக்கும் காகிதத்துக்கும் அந்த வசதி இல்லை, பட்டது பட்டபடியே நிற்கும்.

இந்த மாதம் கோலகங்சார் ஊருக்குப் போய் அங்கிருக்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்து வரைந்தேன். 1877-ல் அங்கே கொண்டுவந்து நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. ரப்பரின் தாயகமான பிரேசில் காடுகளில் அந்தக் காலத்தில் சிறு கோடரியால் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். மரத்தைப் புண்ணாக்காமல் ஒரே வெட்டில் திரும்பத் திரும்பச் சீவலாம் என்று 1890-களில் காட்டியவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி. முறையைக் கண்டுபிடித்தவருக்குப் பேர் இருக்கிறது, சரி. விடியும் முன் நெற்றி விளக்கின் வட்டத்தில் ஐந்நூறு மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒவ்வொன்றிலும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றிய கைகளுக்கு என்ன பேர்? நான் அதைக் கலை என்றுதான் சொல்வேன்.

அம்மா ஒத்துக்கொள்வதில்லை. "வயித்துப்பாட்டுக்குச் செஞ்சது, கலையாம் கலை" என்கிறார். ஆனால் காய்ச்சலில் இரண்டு நாள் படுத்து எழுந்தால், தன் நிரையில் மாற்றாள் வெட்டிய மரங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுப்பார். நான் கூடவே நின்றிருக்கிறேன். கூலி பாலின் எடைக்குத்தான். தடவிப் பார்த்ததற்கு யாரும் ஒரு காசு தரவில்லை.

இப்போது ராத்திரியில் அம்மாவின் வலது கையை வரைகிறேன். தூங்கும்போதும் அந்தக் கை முழுசாக விரிவதில்லை, உளிப்பிடி அளவுக்கு இடம் விட்டு மடங்கியே கிடக்கிறது. ஆள்காட்டி விரலின் உட்பக்கம் காய்ப்பு மங்கிவிட்டது, கிட்டே போனால்தான் தெரியும். கட்டைவிரல் மட்டும் பிடிபடவில்லை. நேற்று நான்கு முறை அழித்தேன், காகிதம் மெலிந்துவிட்டது. இன்று கடையிலிருந்து வரும்போது கொஞ்சம் தடித்த தாளாக வாங்கி வந்திருக்கிறேன்.