வந்துடுங்க

சப்டைட்டில் டெஸ்ட் ஃபைலில் 61-ஆவது வரி அது. “வால்ட்... வீட்டுக்கு வந்துடுங்க.” பக்கத்தில் நான் போட்ட குறிப்பு: “இதுவரை எல்லா இடத்திலும் ‘நீ’. இங்கே மட்டும் ‘ங்க’ எப்படி வந்தது? ஒருமை, பன்மைத் தடுமாற்றம்.” அதற்கு மூன்று மதிப்பெண் கழித்தேன். தேர்ச்சிக்கு 80 வேண்டும். அந்தப் பெண் வாங்கியது 78.

மூன்று என்பது விதியில் இருக்கிறது. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதில் தவறினால் மூன்று, நிறுத்தக்குறி தவறினால் அரை. நானாகக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இரண்டு வருடமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சப்டைட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் வைக்கும் டெஸ்ட்டில் பல வருடங்களாக ஒரே காட்சிதான். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் ‘ஓசிமாண்டியாஸ்’ எபிசோடில் வரும் போன் கால். 2013 செப்டம்பரில் ஒளிபரப்பானது. பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: போதைப்பொருள் தயாரித்துப் பணம் குவித்த வாத்தியார் வால்டர் வைட், அவன் மனைவி ஸ்கைலர், அவனைப் பிடிக்க வந்த போதைத் தடுப்பு அதிகாரி ஹாங்க். ஹாங்க் ஸ்கைலரின் தங்கை கணவன். பாலைவனத்தில் ஹாங்க் செத்தாயிற்று. வீட்டுக்குள் கத்திச் சண்டை முடிந்தாயிற்று. கைக்குழந்தை ஹாலியைத் தூக்கிக்கொண்டு வால்டர் வைட் போய்விட்டான். வீடு முழுக்க போலீஸ். போன் அடிக்கிறது.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பது ஒரே ஒரு ‘யூ’. அதை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் ஓட்டிவிடலாம். தமிழில் முதல் வரியிலேயே முடிவெடுத்தாக வேண்டும். நீயா, நீங்களா, ‘டி’ போடுவதா, போட்டால் எந்த வரியிலிருந்து? அவன் பெண்டாட்டியைத் திட்டுகிறான், மிரட்டுகிறான், எல்லாம் உன்னால்தான் என்கிறான். ஆனால் போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கார் வாஷ் கடையில் கணக்கெழுதி கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிக் கொடுத்தவள் ஸ்கைலர். அவளுக்கு இதில் பங்கே இல்லை, பயந்துபோய் அடங்கிக் கிடந்தாள் என்று ரெக்கார்டரில் பதிய வேண்டும். அதற்காகத்தான் அந்த வசவு. திட்டும்போது அவன் முகம் அழுகிறது. குரலில் அது தெரியக் கூடாது, எழுத்திலும் தெரியக் கூடாது, ஆனால் படிக்கிறவருக்குத் தட்டுப்பட வேண்டும். மொழிபெயர்க்கத் தெரிந்தவரா என்று பார்க்க இதைவிடக் கடினமான இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் அதை நன்றாகவே செய்திருந்தார். மதுரையில் எம்.ஏ. தமிழ் முடித்தவர். பெரும்பாலானவர்கள் முதல் வரியிலேயே ‘டி’யில் தொடங்கிவிடுவார்கள். இவர் முழு காலிலும் ஒரே ஒரு இடத்தில்தான் போட்டிருந்தார். மகனிடம் என்னைப் பற்றிச் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம் என்று அவன் வெடிக்கும் இடத்தில். “அறிவு கெட்டவளே, என்ன தைரியம்டி உனக்கு?” அதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு தடவை விழும் ‘டி’தான் அடி. பத்துத் தடவை விழுந்தால் அது பேச்சுவழக்கு. அந்த வரிக்கு நேராக நான் பச்சையில் டிக் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் ஃபைலில் இருக்கிறது.

அப்புறம் 61. ஹாங்கை இனி நீ பார்க்கவே மாட்டாய் என்று அவன் சொல்லியாயிற்று. ஹாங்கின் மனைவி மேரி அதே அறையில் நிற்கிறாள். ஸ்கைலர் வீட்டுக்கு வந்துவிடு என்கிறாள். அவன் செய்ய வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று வைத்துவிடுகிறான்.

தேர்ச்சி பெறாதவர்களுக்கு மெயில் மட்டும் போதும். எனக்கு மனது கேட்காமல் போன் செய்தேன்.

“61-ஆவது வரியில ஏம்மா திடீர்னு ‘வந்துடுங்க’ன்னு போட்டீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அந்த இடத்துல அப்படித்தான் வந்துச்சு மேடம்.”

“வந்துச்சுன்னா போதாதும்மா. காரணம் வேணும்ல?”

“சரிங்க மேடம்.”

அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதலாம் என்று சொன்னேன். அதற்கும் “சரிங்க மேடம்”தான். அவர் அப்புறம் எழுதவில்லை.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பொய்யான நியாயம் இல்லை. ஒரு தொடரை மூன்று பேர் பிரித்துக்கொண்டு செய்வோம். ஒருவர் கையில் புருஷன் பெண்டாட்டி ‘நீ வா போ’, இன்னொருவர் கையில் ‘நீங்க வாங்க போங்க’ என்றால் அடுத்த எபிசோடில் அவர்களுக்குள் என்னவோ ஆகிவிட்டது என்றுதான் பார்வையாளர் நினைப்பார். அதனால்தான் வேலை தொடங்கும் முன் யார் யாருக்கு என்ன விகுதி என்று அட்டவணை போடுகிறோம். திரையில் இரண்டு வரிக்கு மேல் கிடையாது, ஏழு வினாடிக்கு மேல் எதுவும் நிற்காது. புத்தகம் மாதிரி திரும்பிப் போய்ப் படிக்க முடியாது. அங்கே ஒரு ‘ங்க’ புதிதாக முளைத்தால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு அது பிழையாகத்தான் தெரியும். விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

போன வருடம் மாமியார் எங்களுடன் இரண்டு மாதம் இருந்தார். ஒரு சாயங்காலம் அவர் ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, நான் கணவருக்குப் போன் செய்து, “வரும்போது அத்தைக்கு மாத்திரை வாங்கிட்டு வந்துடுங்க” என்றேன். போனை வைத்த பிறகுதான் என் காதில் விழுந்தது. தனியாக இருந்திருந்தால் “வாங்கிட்டு வா”தான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக அப்படித்தான். எங்களுக்குள் ‘நீ’, பக்கத்தில் ஆள் இருந்தால் ‘நீங்க’. அவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. என் அம்மாவும் இப்படித்தான். என் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான்.

கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து அந்த ஃபைலை எடுத்தேன்.

ஸ்கைலரும் ஆள் இருக்கும் அறையில்தான் பேசுகிறாள். தங்கை நிற்கிறாள், மகன் நிற்கிறான், போலீஸ் கேட்டுக்கொண்டிருக்கிறது. முதலில் அவளுக்கும் அவன் வார்த்தைகள் நிஜமாகத்தான் விழுகின்றன. பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பிடிபடுகிறது. ஸ்கைலராக நடித்த ஆன்னா கன் முகத்தில் அது நடப்பதை நம்மால் பார்க்க முடியும். உடனே மன்னிப்புக் கேட்கிறாள், பயந்த பெண்டாட்டி கேட்பது மாதிரி. அவன் போட்ட நாடகத்தில் தானும் ஒரு வேஷம் எடுத்துக்கொள்கிறாள். தமிழில் அந்த வேஷத்துக்கு உடுப்பு எது? ‘ங்க’தான். ஆள் இருக்கும்போது நாம் போட்டுக்கொள்ளும் அதே ‘ங்க’. நான் தினமும் செய்வதை அந்தப் பெண் எழுதிக் காட்டினார், நான் அதைச் சிவப்பில் சுழித்தேன்.

அன்று இரவு என் விடைக்குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன். வால்டரின் வரிகளுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். குறிப்பாக, இதையெல்லாம் கட்டியது நான் ஒருவன்தான் என்று அவன் கத்தும் வரிக்கு. போலீசுக்கு அது வாக்குமூலம், அவளை விடுவிக்கும் வரி. அதே நேரம் அவன் உள்ளூர நம்புவதும் அதைத்தான். குடும்பத்துக்காக இல்லை, எனக்காகத்தான் செய்தேன் என்று கடைசி எபிசோடில் அவளிடம் ஒத்துக்கொள்கிறானே, அந்தத் திமிர் இங்கேயே இருக்கிறது. ஆகவே நடிப்பு என்று தெரிகிற மாதிரி இதை மொழிபெயர்க்காதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். சரியான குறிப்பு என்றே இன்னும் நினைக்கிறேன். ஸ்கைலரின் வரிகளுக்கு நான் எழுதியிருந்தது மூன்றே சொல். “அழுகை. பயம். எளிமையாக.”

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது ஸ்கைலரை ரசிகர்கள் வெறுத்த வெறுப்பு சாதாரணம் இல்லை. அது தன் மேலேயே திரும்பியதைப் பற்றி ஆன்னா கன் 2013 ஆகஸ்டில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் கட்டுரையே எழுதினார். இந்த எபிசோடு வருவதற்கு மூன்று வாரம் முன்னால். அந்த வெறுப்பில் எனக்குப் பங்கில்லை என்று நினைத்திருந்தேன். வெறுக்கவில்லைதான். ஆனால் இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருத்தர் மட்டும்தான் யோசித்துப் பேசுகிறார் என்று இத்தனை வருடம் டெஸ்ட் வைத்திருக்கிறேன். அவள் வரி எளிமையாக இருக்க வேண்டுமாம்.

இங்கே நிறுத்தினால் நான் தவறு செய்தேன், அவர் சரி என்று முடிந்துவிடும். அதுவும் எனக்கு ஒப்பவில்லை. மன்னிப்புக் கேட்கும் வரி 61-க்கு முன்னாலேயே வருகிறது. அங்கே அவர் எழுதியது “மன்னிச்சிடு”. புரிந்துகொண்டு மாற்றியவர் அங்கேயே அல்லவா மாற்றியிருக்க வேண்டும்? ஹாங்க் எங்கே என்று அவள் கெஞ்சும் வரியும் ‘நீ’யில்தான் இருக்கிறது. ‘ங்க’ கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வருகிறது. களைப்பில் விழுந்த கைத்தவறாக இருக்கலாம். நேரம் முடியப்போகிற பதற்றமாக இருக்கலாம். இல்லை, இனி அவன் வரவே மாட்டான் என்று தெரிந்த பிறகு சொல்கிற வார்த்தை, அதனால் மரியாதை தானாக வந்து ஒட்டிக்கொண்டது என்றும் இருக்கலாம். அப்படி யோசித்தால் நான் மேலே எழுதியது எல்லாமே என் வீட்டுக் கதையை அவர் வரிக்குள் கொண்டுபோய் வைத்ததுதான்.

கேட்டேனே. அப்படித்தான் வந்துச்சு என்றார். காரணம் வேண்டும் என்று சொன்ன நான் அந்த பதிலோடு இரண்டு நிமிடம் இருந்திருக்கலாம். எந்த முகத்தைப் பார்த்து வந்தது, எந்தக் குரலைக் கேட்டு வந்தது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவர் “சரிங்க மேடம்” என்றபோது அந்த ‘ங்க’ மரியாதை இல்லை, கதவைச் சாத்துவது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் ஆறு மாத விதியைச் சொன்னேன்.

அவர் நம்பர் ஃபைலில் இருக்கிறது. கூப்பிட்டால் என்ன கேட்பது? நீங்கள் புரிந்து எழுதினீர்களா, தவறி எழுதினீர்களா என்றா? தவறித்தான் என்று அவர் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிக்காகத்தான் கூப்பிடத் தோன்றுகிறது என்பதால் கூப்பிடாமல் இருக்கிறேன்.

விடைக்குறிப்பை மட்டும் மாற்றினேன். ஸ்கைலரின் வரிகளுக்கும் இப்போது ஒரு பக்கம் இருக்கிறது. 61-க்கு நேராக, “வந்துடு, வந்துடுங்க இரண்டும் ஏற்கலாம், மாற்றியிருந்தால் போன் செய்து காரணம் கேட்கவும்” என்று போட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு பதினாலு பேர் எழுதியிருக்கிறார்கள். பதிமூன்று பேர் “வந்துடு”. போன மாதம் ஒரு பையன் மட்டும் “வந்துடுங்க” என்று எழுதியிருந்தான். பரபரப்பாக முதல் பக்கத்துக்குப் போனேன். அவன் முதல் வரியிலிருந்தே ‘நீங்க’தான் போட்டிருந்தான். எங்கேயும் மாறவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.